சுற்றாத குமிழ்

மாடி ஸ்டூடியோவின் வடக்கு ஜன்னல் வெளிச்சம் தொமோயேயின் ஒரு கன்னத்தில் மட்டும் படிந்திருக்கிறது. நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மருந்து ஏறினால் முடி கொட்டிவிடும். அதற்குள், தன் இறுதிச் சடங்கில் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே வைக்கப்போகும் படத்தை எடுத்துவிடச் சொல்லி, குடும்பச் சின்னம் பதித்த கறுப்புக் கிமோனோவில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட கடைசிப் படத்தை எடுத்துக் கொடுத்த அவள் கணவர் இசாவோ, லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். “டிஜிட்டல்ல எடுங்கப்பா, அம்மா இப்பவே பார்த்துக்கட்டும்” என்கிறாள் மகள் மிஹரு. “முகத்தை ஃபிலிம்தான் மரியாதையா வாங்கிக்கும். நீ கீழ போய் டீ போடு” என்கிறார் அவர். அவள் இறங்கிப் போகும் ஓசை மரப்படியில் தேய்கிறது. தொமோயே சிரிக்கிறாள். ஷட்டர் விழுகிறது. அவர் கட்டைவிரல் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கிறது. மறுபடி ஷட்டர், மறுபடி லீவர். ஆயுசெல்லாம் அவரோடு இருட்டறையில் ஃபிலிம் கழுவியவளின் கண் கேமராவின் மறுமுனைக் குமிழில் நிற்கிறது. லீவரை இழுக்கும்போது ஃபிலிமோடு சேர்ந்து சுற்ற வேண்டிய குமிழ் அது. அசையவே இல்லை. ஃபிலிம் சரியாக மாட்டவில்லை போலும் என்று நினைக்கிறாள். அப்புறம்தான் அவர் சட்டைப்பையில் பிரிக்காத ஃபிலிம் டப்பா புடைத்திருப்பதைப் பார்க்கிறாள். “என்னங்க.” “ம்.” “குமிழ் சுத்தலையே.” அவர் நிமிரவில்லை. “மறந்துட்டேன்” என்கிறார். கீழே கெட்டில் முனக ஆரம்பிக்கிறது. தொமோயே கலையாத கூந்தலை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டு, அதே சிரிப்பைத் திரும்ப முகத்தில் வைக்கிறாள். “ஃபிலிமைப் போடுங்க. வெளிச்சம் போகுது.”