பக்கத்து அட்டை

உள்ளரங்கத்தில் காற்று ஏது? ஆனாலும் தண்டபாணி விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேசை முன் உட்கார்ந்தார். துப்பாக்கி மணல்மூட்டையில் படுத்திருந்தது.

“அதைப் பிடிக்கக் கூடாதும்மா. நெனச்சாலே போதும், தானா சுட்டுக்கும்” என்று பக்கத்து மேசை ஜெசிந்தாவுக்குப் பாடம் நடத்தியபடியே கடைசிக் குண்டைச் சுட்டார். மணி அடித்தது.

நடுவர் இலக்கு அட்டைகளைக் கொண்டுவந்தார்; ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வட்டம். தண்டபாணியின் கடைசி வட்டம் வெறுமையாக இருந்தது. “ஒண்ணு தவறிப்போச்சு சார். பரவால்ல, மாநில அணியில உங்களுக்கு இடம் உண்டு.” ஜெசிந்தாவின் கடைசி வட்டத்திலோ நட்டநடுவே ஓட்டை. “இப்படி ஒரு குறியை நான் பார்த்ததே இல்லம்மா.”

“நான் கடைசியைச் சுடவே இல்லையே சார். நேரம் பத்தல.”

“அடக்கத்தைப் பாருங்க” என்று நடுவர் சிரித்தார்.

தன் குண்டு எங்கே போனது என்று தண்டபாணிக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்தவர் அட்டையில் சுட்டவரை அணியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருந்தார். எல்லோரும் ஜெசிந்தாவின் கையைக் குலுக்கியபோதும் இருந்தார்.

“இதைக் கண்ணாடி போட்டு மாட்டணும்” என்றார் சங்கச் செயலாளர். “கீழ இந்தப் பொண்ணு பேரைப் பெருசா எழுதி.”

தண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.