கொட்ட வேண்டிய பூ

"எவளோ என் செடியில கைய வெக்கிறாம்மா!"

தோள்ல இருந்த பையக்கூட எறக்காம கத்தினா சத்யப்ரியா.

பின்வாசல்ல வரிசையா தக்காளித் தொட்டிங்க. பாதி, பச்சை வலைக்கு அடியில. மீதி, மொட்டை வெயில்ல.

"வெயில்ல வெச்சதுல காய் புடிச்சிருக்கு, வந்து பாரு!"

அம்மா ஹேமலதா அரிசி களைஞ்சிகினே எட்டிப் பாத்தா. "காய் புடிச்சா நல்லதுதானேடி?"

"ஐயோ, புடிக்கக் கூடாதும்மா! இந்தச் சூட்டுல மகரந்தம் செத்துப் போவணும். பூவு காயாவாம கொட்டணும். அதுதான் என் புராஜெக்ட்டே! காலேஜ்ல வீரபாகு சார் என்னா கேட்டாரு தெரியுமா? 'வெயில்ல வெச்சியா, இல்ல போட்டோவுக்கு மட்டும் வெளிய தூக்கினு வந்தியா?'ன்னு. அத்தினி பேர் முன்னால! அடுத்த வாரம் ஒழுங்கா காட்டலன்னா மார்க்கே கெடையாதாம்."

"இங்க யாருடி கைய வெக்கப் போறா?"

"கற்பகம் அக்காதான். வேற யாரு?"

கற்பகமும் அவ புருஷன் தனகோடியும் பின்னால இருக்கிற தகரக் கொட்டாய்ல வாடகைக்கு இருந்து பட்டு நெய்றவங்க. கொட்டாய் மேலருந்து பின்வாசல் வரைக்கும் பரப்பியிருந்த தென்னங்கீத்த எறக்குன நாள்லருந்து அவங்க மூஞ்சியே சரியில்லன்னு சத்யாவுக்கு நெனப்பு.

"கீத்த எறக்குன காண்டும்மா. அன்னிக்கு 'பரவால்ல'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சிச்சு பாரு, அப்பவே எனக்கு டவுட்டு. செடியாண்ட நின்னுகினு இருக்கும். என்னைக் கண்டா ஜல்தியா உள்ள பூந்துக்கும். நேத்து தொட்டி பக்கத்துல ஈரக் கால் தடம் வேற!"

"நீ பேசாம போலீஸ்ல சேந்துடு."

"சிரி சிரி. நாளைக்கு கையும் களவுமா புடிக்கிறேன், அப்ப பேசு."

மறுநாள் காலேஜ்லருந்து பாதியில கெளம்பி, பஸ் புடிச்சு ஆரணியில எறங்கினா. பக்கத்து சந்து வழியா வந்து தண்ணித் தொட்டிக்குப் பின்னால குந்திகினா. உச்சி வெயில் மண்டையப் பொளந்துச்சு.

கொட்டாய் கதவு தொறந்துச்சு.

கற்பகம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தா. கையில சொட்டச் சொட்ட ஒரு பழைய பொடவை. நேரா தக்காளித் தொட்டியாண்ட வந்து, குச்சிய நட்டு, செடிங்களுக்கு மேல கூடாரம் மாதிரி கட்ட ஆரம்பிச்சா.

"மாட்னியா!"

கற்பகம் தூக்கிவாரிப் போட திரும்பினா. "நீயா பாப்பா? பயந்தே பூட்டேன்."

"என்னாக்கா இது?"

"வெயிலு பாப்பா. பூவெல்லாம் கொட்டிகினே இருந்துச்சு. மத்தியானத்துக்கு மட்டும் கட்டி, நீ வர்றதுக்குள்ள அவுத்துருவேன். நீ திட்டுவியோன்னுதான் சொல்லல."

"கொட்டட்டும்னுதானே வெச்சேன்!"

கற்பகத்துக்கு நெசமாவே புரியல. "கொட்டறதுக்குன்னே யாராவது செடி வெப்பாங்களா?"

"நடிக்காதக்கா! கீத்துக்குப் பழி வாங்கறே. நேரா சண்டை போட துப்பில்ல, திருட்டுத்தனமா என் படிப்புல மண்ண அள்ளிப் போடறே!"

"ஐயோ பாப்பா, அப்படியெல்லாம்..."

"பேசாத! அண்ணன்கிட்டயே நாயம் கேக்கறேன்."

பொடவைய வெடுக்குனு உருவிகினு கொட்டாய்க்குள்ள நொழைஞ்சா சத்யப்ரியா.

ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. அங்கயே நின்னுட்டா.

கொதிக்கிற பானை மூடிய தொறந்த மாதிரி அனல் மூஞ்சியில அடிச்சிது. தகரம் மேல டிக் டிக்குனு வெடிச்சிகினு இருந்துச்சு. தனகோடி வெறும் ஒடம்போட தறியில குனிஞ்சு, அறுந்த இழைங்கள ஒண்ணொண்ணா முடிஞ்சிகினு இருந்தான். பக்கத்து சன்னல் மொட்டையா கெடந்துச்சு. ரெண்டு ஆணி, அதுல ஒரு பிஞ்ச நூலு.

தறிக்காரங்க வெயில் காலத்துல சன்னல்ல ஈரத்துணி கட்டாம உக்கார மாட்டாங்க. காத்து காஞ்சா பட்டு இழை அறுந்துகினே இருக்கும். இந்தத் தெருவுல பொறந்து வளந்த சத்யாவுக்கு அது தெரியும்.

கையில இருந்த ஈரப் பொடவையப் பாத்தா. அதோட ஓரத்துல ரெண்டு ஆணி ஓட்டை.

"அத இப்படி குடு பாப்பா," நிமிராமலே சொன்னான் தனகோடி. "நானும் தெனம் சொல்றேன், எங்க கேக்கறா?"

"அண்ணா, அது... என் புராஜெக்ட்டு..."

"கோச்சிக்காத. பூவு கொட்றத அவளால பாத்துகினு இருக்க முடியல." வெளிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு கொரல எறக்கினான். "போன வருஷம் கோடையில எங்களுக்கு வயித்துல வந்தது தங்காம பூட்சி. சூடு ஆவாது, கொஞ்சம் குளுமையா வெச்சிக்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் இந்த வருஷம் முன்னாடியே அந்தக் கீத்த வாங்கிப் போட்டேன்."

சத்யா நிமிந்து மொட்டைத் தகரத்தப் பாத்தா.

"இப்ப மறுபடியும் மூணு மாசம், பாப்பா."

சத்யா பொடவைய ரெண்டு ஆணியிலயும் மாட்டிட்டு வெளிய ஓடினா.

செவுத்தோரம் குமிச்சு வெச்சிருந்த கீத்துல ஒண்ண இழுத்து, ஏணியில ஏறி, தகரத்து மேல போட்டா. அப்புறம் இன்னொண்ணு. காஞ்ச ஓலை கையைக் கீறிச்சு.

சத்தம் கேட்டு அம்மா பின்வாசலுக்கு வந்தா.

"ஏய், என்னடி பண்றே? செடிக்கு வெயிலு பத்தல, கீத்த எறக்கியே ஆவணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீதானே?"