ஷெர்லினின் சோக ஆல்பம்

வருடக் கடைசியில் அவரவர் மனத்துயரத்தை ராக் ஆல்பமாக்கி, ஊரே கேட்கும்படி வெளியிட்டுவிடுகிறது ஒரு கைபேசிச் செயலி. பாளையங்கோட்டை ஷெர்லினின் ஆல்பமும் வந்தது. ஐந்து பாட்டில் கர்த்தரிடம் கோபித்திருந்தாள். மூன்றில் கல்லூரிக் காதலன் ரெஜிக்காகக் கிட்டார் கதறியது.

"ஏட்டி, எனக்கு ஒரு பாட்டுகூடவா இல்ல?" என்றான் கணவன் ஜெபசிங்.

"நீங்க என்னை அழவச்சதே இல்லையே. பாட்டு எங்கேருந்து வரும்?"

"கர்த்தர் பெரியவரு, விட்டுரலாம். ரெஜிப்பயலுக்கு மூணா?"

"பாட்டுக்குப் போய்ப் பொறாமையா?"

பொறாமைதான். மறுநாளே ஜெபசிங் முயற்சியைத் தொடங்கினான். அவளோடு பேசுவதை நிறுத்தினான். பிறந்தநாளை மறந்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தனியே அனுப்பினான்.

அடுத்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் அவனைப் பற்றியே. கர்த்தருக்குக்கூட இடமில்லை. பெருமையோடு சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டான். குறைக்கச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.