சாட்சிக் கையெழுத்து

“வெறும் சாட்சிக் கையெழுத்துதான் சில்லு. போட்டுட்டு ஓடிடு,” என்று மறுபடியும் காதோடு சொன்னார் பெரியப்பா. “போன வாரம்தானே உனக்குப் பதினெட்டு முடிஞ்சுது? இனிமே உன் கையெழுத்துக்கும் மதிப்பு வந்தாச்சு.”

சில்லு பேனாவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜிப் செய்யும் மெஷின்கள் தடதடத்தன. நாடாவைச் சுருட்டியபடியே சோடாபுட்டி அத்தை இவளைப் பார்த்து, ‘என்னடி?’ என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அத்தை பக்கத்தில் உட்கார்ந்துதான் சில்லு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். அடுத்த மாதம் அத்தைக்கு வேலை இருக்காது. அது இந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எதிரே, கம்பெனியை வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குத் தமிழ் புரியாது. கூட வந்த அவர்களுடைய வக்கீலுக்கு வாய் ஓயாது.

“சார்... வாங்கி இங்கயே நடத்தக் கூடாதா?” சில்லுவின் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஏய்! கையெழுத்துப் போடக் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்ல,” என்று அதட்டினார் பெரியப்பா. “நானும் உங்கப்பனும் ஒத்தப் பெட்டியோட இந்த ஊர்ல வந்து எறங்கி, ராப்பகலா உழைச்சு உண்டாக்கின கம்பெனிடி இது. விக்கிறதும் வைக்கிறதும் எங்களுக்குத் தெரியாதா?”

“விடுங்க சார், பொண்ணு தெரிஞ்சுக்கட்டும்,” என்று வக்கீல் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாரும்மா, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு. வெளிநாட்டுக்காரன் போனா கம்பெனியில நூத்துக்கு நூறு பங்கும் அவன் பேர்லயே வச்சுக்கலாம். வா ராசான்னு இடமும் குடுப்பான். இன்னொரு நாட்டுல மொதல்ல அரசாங்கத்தைக் கேக்கணும். ஆனா கேட்டா குடுத்துடுவான். பக்கத்து நாட்டுல அதுகூட வேணாம், உள்ளூர் ஆளுக்குப் பாதி வேலை குடுத்தாப் போதும்.”

“இங்க?”

“இங்கதாம்மா கொடுமை! நூத்துல அம்பத்தொண்ணு இந்த மண்ணுல பொறந்தவங்க பேர்லதான் இருக்கணும். மத்தவன் தலைகீழா நின்னாலும் நாப்பத்தொம்பதுதான். அதான் எங்காளுங்க மெஷினைக் கழட்டி, ஆர்டரையும் தூக்கிட்டு, அந்த நூத்துக்கு நூறு நாட்டுக்கே போறாங்க.”

“வெளிய மெஷின்ல வேலை செய்யறவங்க என்ன ஆவாங்க?”

“அவங்களை யாரும்மா கப்பல்ல ஏத்துறது?” வக்கீல் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். எதுவும் புரியாத வெளிநாட்டுக்காரர்கள்கூட மரியாதைக்குச் சிரித்து வைத்தார்கள்.

அந்தச் சிரிப்பில் சில்லுவுக்குள் என்னவோ சுருக்கென்றது. பயம் போகவில்லை. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“அப்போ நம்ம கம்பெனியில அந்த அம்பத்தொண்ணு யார் பேர்லப்பா இருக்கு?”

அப்பா சுரண்டுவதை நிறுத்தினார்.

“உனக்கெதுக்கு அதெல்லாம்? போடு கையெழுத்தை!” பெரியப்பா மேசையைத் தட்டினார்.

“உங்க பேர்ல இருக்க முடியாது பெரியப்பா. நீங்க பெட்டியோட வந்து எறங்கினவங்க. அப்பாவும் அப்படித்தான். அம்மாவும் கல்யாணம் ஆகித்தான் இங்க வந்தாங்க. இந்த மண்ணுல பொறந்தது நான் ஒருத்திதான்.”

“ரொம்பப் பேசுற நீ. அறைஞ்சேன்னா...”

“அறைங்க.” சில்லு எழுந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. “சாட்சியா கையெழுத்துப் போட ஊர்ல ஆளா இல்ல? நான் பதினெட்டு முடிக்கிற வரைக்கும் எதுக்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தீங்க?”

வக்கீலின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

“என்ன சார் இது?” என்றார் வக்கீல் மெதுவாக. “பொண்ணுகிட்ட நீங்க விஷயத்தைச் சொல்லவே இல்லையா?”

சில்லு பேனாவை மூடி, வக்கீலின் பக்கம் உருட்டிவிட்டாள்.

“அவங்க சொல்லல, நீங்க சொல்லிட்டீங்க சார்... கம்பெனிய நான் விக்கல, கெளம்புங்க!”