ஒரே ஒரு தடவை

“கிளம்புடி, நாலரை மணிக்கு டாக்டர்.” மகளின் அறை வாசலில் நின்றாள் அம்மா.

மகள் கட்டிலை விட்டு எழவில்லை. “எதுக்கும்மா? ஆளுமைக் கோளாறுன்னு பேரு வச்சுட்டா குணம் மாறிடுமா? ரத்தத்துல ஊறினது.”

“மாறும்.”

“பொசுக்குன்னு தட்டைத் தூக்கி எறியறது, யாருமே வேணாம்னு கத்தறது, அடுத்த நிமிஷமே விட்டுட்டுப் போயிடாதேன்னு அழறது. இதுக்கு மருந்து இருக்கா?”

“மருந்து மட்டும் போதாது. வாராவாரம் உட்கார்ந்து பேசணும், விடாம பழகணும். எனக்காக ஒரே ஒரு தடவை வா.”

மகள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிளினிக்கில் நர்ஸ் சிரித்தபடி அம்மாவிடம் வந்தாள். “வாங்கம்மா. ஒரு வருஷமா ஒரு வாரம்கூடத் தவறாம வர்ற பேஷன்ட் நீங்க ஒருத்தர்தான். இவங்கதான் உங்க பொண்ணா?”

“ஆமா. என் கோபத்துக்குப் பயந்து மூணு வருஷம் முன்னாடி வீட்டை விட்டுப் போய்த் தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவ.”

உள்ளே டாக்டர் மகளைப் பார்த்தார். “அம்மாவால நீங்க பட்டதை எல்லாம் அவங்க முன்னாடியே சொல்லுங்க.”

“சொன்னா எழுந்து போயிடுவாங்க டாக்டர். எப்பவும் அப்படித்தான்.”

ஐம்பத்தெட்டு வயது அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். “போக மாட்டேன். சொல்லு.”

மகள் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆரம்பித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அம்மா அசையவில்லை. முக்கால் மணி நேரம் போனது.

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னும் நிறைய இருக்கும்மா.”

“இருக்கட்டும். நீ சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்.”