பத்தாயிரம் அடி வரை

டில்லி விமானத்தில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. துணை விமானி வேதாவுக்கோ விடிந்தால் அங்கேதான் டியூட்டி. "வீடு அல்வாலா? டென்ஷன் நக்கோம்மா, கவலையே வேணாம், காக்பிட்ல எங்க பின்னாடி மடக்கு சீட் இருக்கு, வாங்க" என்று முன்பின் தெரியாத கேப்டன் எட்வின் அழைத்துக்கொள்கிறார். விமானம் எழும்புகிறது. இடப்பக்கக் கண்ணாடியில் மாலை வெயில் தகதகக்கிறது. கீழே அவள் வீடிருக்கும் அல்வால் வரும் நேரம். மொட்டை மாடியில் மகள் மஹதி கையாட்டிக்கொண்டிருப்பாள். வேதா எக்கிப் பார்க்கிறாள். வெயில் மறைப்பு குறுக்கே நிற்கிறது. எட்வின் திரும்பாமலே அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். வெயில் அவர் முகத்தில் அறைய, அவளுக்கு ஏரி தெரிகிறது, கரையோரத்து வீடுகள் தெரிகின்றன. பத்தாயிரம் அடி தாண்டும்வரை காக்பிட்டில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது. நன்றியும் அந்த விதிக்குள்தான் வருகிறது. சொல்ல வந்த நன்றியை அடக்கிக்கொண்டு, உயரமானியில் ஏறும் எண்களையே பார்த்திருக்கிறாள் வேதா.