எம்மதமும் சம்மதம்

ஒரு மாடத்தில் அகல்விளக்கும் மெழுகுவர்த்தியும் குடியிருந்தன. அகலுக்கு எண்ணெய்தான் சாமி, மெழுகுவர்த்திக்கு மெழுகு. ஒன்றின் சாமியை மற்றது கிண்டலடிக்கும். ஆனாலும் 'எம்மதமும் சம்மதம்' என்று சொல்லிக்கொண்டு, ஒன்று அணைந்தால் மற்றது குனிந்து ஏற்றிவிடும்.

ஒருநாள் பனையோலை விசிறி ஒன்று அங்கே குடிவந்தது.

"எனக்கு இருட்டுதான் சாமி. சுடரை அணைக்கிறதுதான் பூஜை. எம்மதமும் சம்மதம்னு சொல்றீங்களே, ஆரம்பிக்கட்டுமா?" என்றது.

மெழுகுவர்த்தி வெலவெலத்துப்போனது. "சொன்ன சொல்லை மீறலாமா அண்ணே?" என்று அகலிடம் கேட்டது.

அகலுக்கும் திரி நடுங்கத்தான் செய்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "உங்க சாமி சம்மதம். பூஜையும் சம்மதம். எங்க தலைமேல நடத்துறதுக்கு மட்டும் சம்மதமில்லை. வேற யாராவது சம்மதிச்சா அங்கே நடத்துங்க."

"தாராளமா என்மேல நடத்துங்க," என்றது மூலையில் கிடந்த தூபக்கால். அதன் வயிற்றில் கொஞ்சம் தணல் இருந்தது.

விசிறி பக்தியோடு வீசு வீசென்று வீசியது. தணல் தகதகவென்று கனன்றது. சாம்பிராணி வாசம் வீடெல்லாம் கமகமத்தது.

"புகையைப் பாருங்க. இதோ அணையப்போகுது," என்றது விசிறி, மூச்சிரைக்க.

மெழுகுவர்த்தி உண்மையைச் சொல்ல வாயெடுத்தது.

"சும்மா இரு," என்றது அகல். "பூஜை நடக்கிறப்போ பேசக்கூடாது."